பகா எண்களும் இஸ்லாமிய உலகின் எண்ணியல் மரபும்

நம் ஊர்களில் கடை முகப்பிலும் திருமண அழைப்பிதழின் தலைப்பிலும் 786 என்னும் எண்ணைக் காணாதவர் இரார். ‘பிஸ்மில்லாஹ்’ வாக்கியத்தின் எழுத்துகளுக்கு அப்ஜத் முறைப்படி உரிய மதிப்புகளைக் கூட்டினால் கிடைக்கும் தொகை அது. அவ்வாறு எழுதலாம் என்பாரும் எழுதலாகாது என்பாரும் நம்மிடையே உண்டு. அவ்விவாதத்தினுள் நாம் இங்குப் புகவில்லை. எழுத்தை எண்ணாக்கிப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் தங்கிவிட்டது. எண்ணின் இயல்பையே ஆராய்ந்து அறிந்த வழக்கமோ நம் நினைவிலிருந்து நழுவிவிட்டது என்பதே நம் கவலை.

இந்த நழுவல் இன்று நேர்ந்ததன்று. 1377ஆம் ஆண்டில் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், 220, 284 என்னும் இரு எண்களைக் குறித்து ஒரு செய்தி சொல்கிறார். இவ்விரு எண்களையும் பொறித்த தாயத்துகள் இருவரிடையே அன்பை விளைவிக்கும் என அக்காலத்து மாந்திரிகர் கூறிவந்தனர் என்பதே அச்செய்தி. அவர் காலத்துக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் முன்பே, இவ்வெண்களின் உறவை ஐயத்துக்கு இடமின்றி நிறுவிய நூல் ஒன்று பக்தாதில் எழுதப்பட்டிருந்தது. தாயத்து ஊர் ஊராகப் பரவியது. நூலோ சில அறிஞர்களின் கைகளில் மட்டுமே உலவியது. அந்நூலின் அடிப்படையாக விளங்கிய பகா எண்களைப் பற்றியும், அவற்றை இஸ்லாமிய உலகின் அறிஞர்கள் எவ்வாறு கையாண்டனர் என்பதைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

பகா எண் என்பது யாது?

12 நாணயங்களைச் சமமான வரிசைகளாக அடுக்கப் புகுவோம். இரண்டு வரிசை, மூன்று வரிசை, நான்கு வரிசை, ஆறு வரிசை எனப் பலவாறாக அடுக்கலாம். 13 நாணயங்களை அடுக்க முயன்றால் ஒரே நீண்ட வரிசையன்றி வேறு வழியில்லை. 1ஆலும் தன்னாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத, 1ஐ விடப் பெரிய எண்ணே பகா எண். 2, 3, 5, 7, 11, 13, 17, 19 என இவ்வரிசை தொடங்குகிறது. ஏனையவை பகு எண்கள். 1 என்பது இரண்டிலும் சேராது. அது எண்களை அளக்கும் அலகு.

தமிழ் இதனைப் பகுக்க இயலாமை என்னும் பண்பால் ‘பகா எண்’ என்றது. அரபு மொழியோ ‘அல்-அதத் அல்-அவ்வல்’, அதாவது ‘முதல் எண்’ என்றது. பகு எண்ணுக்கு அரபியர் வைத்த பெயர் ‘முரக்கப்’, அதாவது ‘கூட்டப்பட்டது’. ஒரு பெயர் பகா எண்ணால் ஆகாததைச் சொல்கிறது. மற்றொரு பெயர் அதனால் ஆவதைச் சொல்கிறது. பகுக்க முடியாதவை என்பதனாலேயே பிற எண்கள் அனைத்தையும் கட்டும் முதற்பொருளாக அவை அமைகின்றன. 12 என்பது 2×2×3; 220 என்பது 2×2×5×11; 786 என்பது 2×3×131.

பகா எண்களுக்கு முடிவுண்டா? கி.மு. 300 அளவில் வாழ்ந்த யூக்ளிட் இதற்கு விடை கண்டார். நம்மிடம் உள்ள பகா எண்கள் இவ்வளவே எனக் கொண்டு, அவை எல்லாவற்றையும் பெருக்கி ஒன்றைக் கூட்டுவோம். வரும் எண்ணை நம் பட்டியலிலுள்ள எதனால் வகுத்தாலும் 1 மீதியாகும். ஆகவே அது தானே பகா எண்ணாக இருத்தல் வேண்டும். அன்றேல் பட்டியலில் இல்லாத பகா எண் ஒன்றால் வகுபட வேண்டும். 2, 3, 5, 7, 11, 13 ஆகியவற்றைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 30031. அது 59×509 எனப் பிரியும். இவ்விரண்டும் நம் பட்டியலில் இல்லாதவை. எனவே எந்தப் பட்டியலும் முழுமையானதன்று. பகா எண்களுக்கு முடிவில்லை.

பக்தாதை வந்தடைந்த கணிதம்

யூக்ளிடின் ‘மூலங்கள்’ என்னும் நூலின் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பகுதிகள் எண்ணியலுக்கு உரியவை. அப்பாஸியர் காலத்தில் ஹஜ்ஜாஜ் இப்னு யூசுஃப் இப்னு மத்தர் இந்நூலை அரபியில் பெயர்த்தார். பின்னர் இஸ்ஹாக் இப்னு ஹுனைன் மீண்டும் பெயர்த்தார்; அப்பெயர்ப்பைச் செப்பம் செய்தவர் தாபித் இப்னு குர்ரா. இன்றைய ஜோர்தானிலுள்ள ஜெராஷைச் சேர்ந்த நிக்கோமாக்கஸ் எழுதிய எண்ணியல் அறிமுக நூலையும் தாபித் அரபிக்குக் கொண்டுவந்தார். எண்களை வரிசையாக எழுதி, 2இன் மடங்குகளையும் 3இன் மடங்குகளையும் 5இன் மடங்குகளையும் அடுத்தடுத்து நீக்கிப் பகா எண்களைச் சலித்தெடுக்கும் எரட்டோஸ்தனிஸின் சல்லடை முறையை அந்நூலே விளக்குகிறது.

தாபித், இன்று துருக்கியின் எல்லைக்குள் இருக்கும் ஹர்ரான் நகரத்தார். தாய்மொழி சிரியாக்கு. நாணயமாற்றுத் தொழில் செய்துவந்த இவரை, ரோமானிய எல்லையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த முஹம்மது இப்னு மூஸா கண்டு, அவருடைய மொழிப்புலமையால் ஈர்க்கப்பட்டுப் பக்தாதுக்கு அழைத்துச் சென்றார் என்பர். பனூ மூஸா எனப் புகழ்பெற்ற சகோதரர் மூவருள் மூத்தவர் இந்த முஹம்மது. தாபித் பின்னாளில் கலீபா அல்-முஃததிதின் நெருங்கிய நண்பரானார். தோட்டத்தில் உலவுகையில் தாபித்தின் கைமீது தம் கையை ஊன்றியிருந்த கலீபா அதைச் சட்டென விலக்கிக்கொண்டு, கல்வியாளரின் கை மேலிருப்பதே முறை என்று வருந்தினார் என்றொரு நிகழ்ச்சியும் பழைய வரலாற்று நூல்களில் உண்டு. ஹிஜ்ரி 288இல் (கி.பி. 901) தாபித் மறைந்தார்.

ஈண்டு ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடல் வேண்டும். தாபித் முஸ்லிம் அல்லர். ஹர்ரானின் ஸாபியீ சமயத்தைச் சேர்ந்தவர். இறுதிவரை அச்சமயத்திலேயே இருந்தவர். நம்மவர் எழுதும் கட்டுரைகள் சிலவற்றில் அவர் ‘முஸ்லிம் விஞ்ஞானி’ ஆக்கப்படுவதைக் காண்கிறோம். இது அவருக்கும் நேர்மையன்று. அவரை அவராகவே ஏற்று உயர்த்திய அந்நாகரிகத்துக்கும் பெருமையன்று.

ஒன்றையொன்று நேசிக்கும் எண்கள்

220ஐ மீதியின்றி வகுக்கும் எண்களில் 220ஐத் தவிர்த்து ஏனையவற்றைக் கூட்டுவோம்: 1, 2, 4, 5, 10, 11, 20, 22, 44, 55, 110. தொகை 284. இனி 284ஐ வகுப்பவை: 1, 2, 4, 71, 142. தொகை 220. இவ்வாறு ஒன்றின் காரணிகள் மற்றொன்றை ஆக்கும் இணைகளை அரபியர் ‘முதஹாப்பா’, அதாவது ஒன்றையொன்று நேசிப்பவை என்றனர். நாம் நட்பு எண்கள் என்போம். கிரேக்கர் இந்த ஓர் இணையை அறிந்திருந்தனர். வேறு இணைகளைக் காணும் விதி எதனையும் அவர்கள் விட்டுச்செல்லவில்லை. அவ்விதியைக் கண்டு நிறுவியவர் தாபித்.

2, 4, 8, 16 எனப் பெருகும் வரிசையை மும்மடங்காக்கினால் 6, 12, 24, 48 என வரும். இவற்றுள் அடுத்தடுத்த இரண்டை, 6ஐயும் 12ஐயும் எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் 72. மூன்றிலும் ஒவ்வொன்றைக் கழித்தால் 5, 11, 71. மூன்றும் பகா எண்களாயின், 12 பிறந்த 4ஐக் கொண்டு பெருக்குக: 4×5×11=220; 4×71=284. இதுவே விதி.

இது ஏன் பலிக்கிறது என்பதில்தான் பகா எண்ணின் பங்கு விளங்கும். 5இன் காரணிகள் 1, 5 மட்டுமே, தொகை 6. 11க்குத் தொகை 12. 71க்குத் தொகை 72. 4க்கோ 1+2+4=7. பொதுக் காரணி இல்லாத எண்களைப் பெருக்கும்போது அவற்றின் காரணித் தொகைகளும் பெருகும். ஆகவே 220இன் காரணிகள் அனைத்தின் தொகை 7×6×12=504. 284க்கு 7×72, அதுவும் 504. 504இலிருந்து 220ஐக் கழித்தால் 284. 284ஐக் கழித்தால் 220. 6×12=72 என்ற சமன்பாடே இவ்விரண்டையும் பிணைக்கிறது. மாந்திரிகர் காணாத இரகசியம் இவ்வளவுதான்; ஆனால் இது எவருக்கும் திறந்திருக்கும் இரகசியம்.

அடுத்த இணையான 12, 24ஐ எடுத்தால் பெருக்கம் 288. ஒவ்வொன்றைக் கழிக்க 11, 23, 287. முதலிரண்டும் பகா எண்கள். 287 அன்று, அது 7×41. விளைவு யாது? 8×11×23=2024; இதன் காரணித் தொகை 2296. 8×287 என்பதும் 2296தான். ஆனால் 2296இன் காரணிகளைக் கூட்டினால் 2024 வருவதில்லை, 2744 வருகிறது. தமிழ் இலக்கணத்தார் கைக்கிளை என்பார்களே, அத்தகைய ஒருதலை நேசம்! பகா எண் என்னும் நிபந்தனையில் ஒன்று தவறினாலும் உறவு முறிந்துவிடும்.

இப்னுல் ஹைதமும் மீதிக் கணக்கும்

ஒளியியலின் முன்னோடியாக நாம் அறிந்த இப்னுல் ஹைதம் கி.பி. 965 அளவில் பஸ்ராவில் பிறந்து, 1040 அளவில் கெய்ரோவில் மறைந்தவர். 2, 3, 4, 5, 6 ஆகிய எதனால் வகுத்தாலும் 1 மீதியாகி, 7ஆல் வகுத்தால் மீதியின்றிப் போகும் எண் யாது என்னும் கணக்கை அவர் ஆராய்ந்தார். 1 முதல் 6 வரை பெருக்கினால் 720. ஒன்றைக் கூட்ட 721. அது 7×103. இவ்வெண் 2 முதல் 6 வரை எதனால் வகுத்தாலும் 1 மீதியாகும் என்பது வெளிப்படை. 7ஆல் வகுபடுவதுதான் வியப்பு. இது 7க்கு மட்டும் உரிய தற்செயலன்று. பகா எண் ஒவ்வொன்றுக்கும் உரிய பண்பு என அவர் எடுத்துரைத்தார். 5க்கு 1 முதல் 4 வரையிலான பெருக்கம் 24; ஒன்றைக் கூட்ட 25. பகு எண்ணான 6க்கோ 120+1=121; அது 6ஆல் வகுபடாது.

இப்பண்பு இன்று ‘வில்சன் தேற்றம்’ என வழங்குகிறது. ஜான் வில்சனின் பெயரால் இதனை 1770இல் வெளியிட்டவர் ஆங்கிலக் கணிதர் வேரிங். 1771இல் லக்ராஞ்சு இதற்கு முறையான நிறுவலைத் தந்தார். இப்னுல் ஹைதம் பண்பைக் கண்டு பயன்படுத்தியவர்; நிறுவலின் புகழ் லக்ராஞ்சுக்கு உரியது. இருவருக்கும் உரியதை உரியவாறு வழங்குவதே நீதி.

வானவில்லை அளந்தவரின் எண்ணியல்

இப்னுல் ஹைதமின் ஒளியியலுக்கு விரிவுரை எழுதி, வானவில் தோன்றும் முறையை நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தைக் கொண்டு விளக்கியவர் பாரசீகத்தின் கமாலுத்தீன் அல்-ஃபாரிசி. கி.பி. 1319 வாக்கில் மறைந்த இவர், நட்பு எண்களைப் பற்றி நண்பர்களுக்கென ஒரு நூல் எழுதினார். ‘தத்கிரத்துல் அஹ்பாப்’ என்பது அதன் பெயர். தாபித்தின் தேற்றத்தை வேறொரு வழியில் நிறுவுவதே அவர் நோக்கம். அதற்காக அவர் இட்ட அடித்தளம் தேற்றத்தினும் பெரிதாயிற்று.

பகு எண் ஒவ்வொன்றும் எண்ணத்தக்க அளவான பகா எண்களின் பெருக்கமாகப் பிரியும் என்று அவர் நிறுவினார். அப்பகாக் காரணிகளைத் தெரிந்துகொண்டால் ஏனைய காரணிகள் அனைத்தையும் ஒன்றும் விடாமல் பட்டியலிடும் முறையைச் சேர்மானக் கணக்கின் துணையால் காட்டினார். 220ஐ 2×2×5×11 எனப் பிரித்தபின், 2ஐ எடுக்காமலோ ஒருமுறையோ இருமுறையோ எடுக்கலாம். 5ஐயும் 11ஐயும் எடுக்கலாம், விடலாம். 3×2×2 ஆக 12 காரணிகள். 220ஐ நீக்கினால் 11. நாம் மேலே எழுதிய பட்டியல் முழுமையானதே என்பதற்கு இதுவே சான்று. எந்த எண்ணும் ஒரே ஒரு வகையில்தான் பகா எண்களாகப் பிரியும் என்னும் ஒருமைத் தன்மையை முழு வடிவில் எடுத்துக் கூறி நிறுவியவர் ஜெர்மானியரான காஸ், ஆண்டு 1801.

தாபித்தின் விதியில் 24, 48 என்னும் இணையைக் கொண்டு ஃபாரிசி புதிய நட்பு இணையைக் கணக்கிட்டார். 23, 47, 1151 மூன்றும் பகா எண்கள். 16ஆல் பெருக்க 17296, 18416. ஏறத்தாழ அதே காலத்தில் மராக்கிஷில் வாழ்ந்த இப்னுல் பன்னாவும் இவ்விணையை அறிந்திருந்தார். பதினேழாம் நூற்றாண்டில் ஈரானின் முஹம்மது பாகிர் யஸ்தி இன்னும் மேலே சென்றார். 191, 383, 73727 ஆகியவற்றிலிருந்து 9363584, 9437056 என்னும் இணையைப் பெற்றார். 73727 பகா எண்தானா என்று உறுதி செய்ய, 271 வரையிலான 58 பகா எண்களாலும் அதனை வகுத்துப் பார்க்க வேண்டும். பொறிகள் ஏதுமற்ற காலத்தில் ஒருவர் இதனைச் செய்து முடித்தார் எனின், அவ்வுழைப்பை எண்ணி நாம் தலைவணங்கலாம்.

உரிமையும் உண்மையும்

17296, 18416 என்னும் இணையை 1636இல் பிரான்சின் ஃபெர்மாவும், 9363584, 9437056 என்னும் இணையை 1638இல் டேகார்த்தும் தம் கண்டுபிடிப்பாக அறிவித்தனர். ஐரோப்பியக் கணித நூல்கள் நெடுங்காலம் அவ்வாறே எழுதின. 1852இல் பிரான்ஸ் வோப்கே என்னும் அறிஞர் தாபித்தின் நூலைப் பிரெஞ்சு மொழியில் ஆராய்ந்து வெளியிட்ட பின்னரே இவ்விதியின் வயது தெரியவந்தது. இருபதாம் நூற்றாண்டில் எகிப்தில் பிறந்த ருஷ்தி ராஷித் ஃபாரிசியின் பணியை விரிவாக வெளிக்கொணர்ந்தார்.

இதைக் கொண்டு ஐரோப்பியர் நம்மிடமிருந்து களவாடினர் என்று முழங்குவது எளிது. அரபு நூல் ஃபெர்மாவின் கைக்கு எட்டியது என்பதற்குச் சான்றின்றி அவ்வாறு கூறுவது அறிஞருக்கு அழகன்று. ஒரே உண்மையை இரு கரைகளில் இருவர் தனித்தனியே காண்பது கணிதத்தில் புதிதன்று. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: தாபித்தின் விதி ஆயிரம் ஆண்டுகள் நம் நூலகங்களில் கிடந்தும், அதனை உலகுக்கு அச்சில் தரும் பணி ஏன் ஒரு ஜெர்மானியருக்கு வாய்த்தது?

ஒரு செய்தி இங்கே நம் சிந்தனைக்கு உரியது. 1866இல் இத்தாலியில் நிக்கோலோ பகானினி என்னும் பதினாறு வயது மாணவர் 1184, 1210 என்னும் நட்பு இணையைக் கண்டார். தாபித் முதல் ஆய்லர் வரை அனைவர் கண்ணிலும் படாமல் போன சிற்றிணை அது. தாபித்தின் விதிக்குள் அது அடங்காது. பெரியோர் வகுத்த வழி எவ்வளவு உயர்ந்ததாயினும், அதற்கு வெளியேயும் உண்மை உண்டு. அதனைக் காண இளைஞரின் கண்ணும் பொறுமையும் போதும். நட்பு இணைகளுக்கு முடிவுண்டா என்பது இன்றளவும் விடை காணப்படாத வினா.

பகா எண்களின் பயன்பாடும் இன்று ஏட்டளவில் நிற்கவில்லை. 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் வகுத்த ஆர்.எஸ்.ஏ. முறை, மிகப் பெரிய இரு பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கத்திலிருந்து அவற்றை மீட்பது அரிது என்பதன் மீது நிற்கிறது. இணையத்தில் செல்லும் செய்திகளைக் காக்க இம்முறை பெரிதும் பயன்பட்டு வருகிறது. ஓர் எண் பகா எண்தானா என விரைவாகவும் ஐயமின்றியும் அறியும் வழியை 2002இல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனாவும் உலகுக்குத் தந்தனர்.

பாகப்பிரிவினையில் வாழும் எண்ணியல்

இம்மரபு நம்மிடமிருந்து அறவே போய்விட்டதா? இல்லை என்போம். நம் மதரஸாக்களில் வாரிசுரிமைச் சட்டமாகிய ஃபராயிள் பாடத்தில் அது இன்றும் உயிரோடிருக்கிறது. இரு எண்களின் உறவை அப்பாடம் நான்காக வகுக்கிறது. இரண்டும் சமமாயின் தமாதுல். சிறியது பெரியதை மீதியின்றி வகுத்தால் ததாகுல். இரண்டுக்கும் 1 அல்லாத பொதுக் காரணி இருப்பின் தவாஃபுக். பொதுக் காரணி இல்லையாயின் தபாயுன். பள்ளிப் பாடநூல் ‘சார்பகா எண்கள்’ என்பது இந்தத் தபாயுனையே.

மனைவியையும் தாயையும் ஆண் மக்களையும் விட்டு ஒருவர் இறந்தார் எனக் கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று. தாய்க்கு ஆறில் ஒன்று. 8க்கும் 6க்கும் 2 பொதுக் காரணி, ஆகவே தவாஃபுக். சொத்து 24 பங்காகும். மனைவிக்கு 3, தாய்க்கு 4, எஞ்சிய 17 ஆண் மக்களுக்கு. மக்கள் இருவராயின் 17க்கும் 2க்கும் தபாயுன்; பங்குகளை 48 ஆக்க வேண்டும். மூவராயின் 72. 17 பகா எண் என்பதால், மக்கள் இரண்டு முதல் பதினாறு வரை எத்தனை பேராயினும் இதே நிலைதான். ஆசிரியர் இதனை ஒருமுறை சொல்லிக்கொடுத்தால், மாணவர் பதினைந்து கணக்குகளை மனனம் செய்யாமல் ஒரே காரணத்தால் விளங்கிக்கொள்வார்.

அல்-குவாரிஸ்மியின் இயற்கணித நூலில் பெரும்பகுதி வாரிசுரிமைக் கணக்குகளே என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். மார்க்கக் கல்வி ஒருபுறம், உலகக் கல்வி மறுபுறம் எனச் சுவரெழுப்பியது அம்முன்னோர் அல்லர். மதரஸாவில் தபாயுன் பயிலும் மாணவரும் பள்ளியில் சார்பகா எண் பயிலும் மாணவரும் ஒரே தெருவில் வாழ்ந்தும், தாம் பயில்வது ஒன்றே என்பதை அறியாதிருக்கின்றனர். அநாதையின் பங்கில் ஓர் இம்மியும் குறையாதிருக்க வேண்டும் என்னும் அச்சமும், 287 பகா எண்தானா என்று வகுத்துப் பார்த்தே ஏற்கும் பிடிவாதமும் ஒரே நேர்மையின் இரு முகங்கள். அவ்விரு மாணவரையும் ஒரு பலகையின் முன் அமர்த்துவதிலிருந்து நம் பணி தொடங்கட்டும்.